எந்த ஊர் என்று கேட்ட சனிக்கிழமை

1

கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து மலர்க்குழு கேட்டிருந்தது. தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: ‘கனடா வாழ் எமது பிள்ளைகளின் உயர்கல்வியில் பழைய மாணவர் சங்கத்தின் பங்களிப்பு.’ சங்கத்தின் ரொறன்ரோக் கிளைக்கு நான்தான் செயலாளர். இந்த வகைக் கட்டுரைகளில் என் கை நன்றாகப் பழகியிருக்கிறது. கடல் கடந்தாலும் கல்வியை மறவாத சமூகம் என்று தொடங்கினால் மீதி தன்பாட்டில் ஓடும். நடுவில் சில படங்கள், கடைசியில் நன்றி, முடிந்தது வேலை.

இந்த முறை ஓடவில்லை. வேலையால் வந்து, சாப்பிட்டு, கணினிக்கு முன்னால் குந்தி, தொடங்குவதும் அழிப்பதுமாக நாட்கள் போயின. பிறகுதான் இதை எழுதத் தொடங்கினேன். மலரில் போடுவார்களோ தெரியாது. ஒரு பிலிப்பினோப் பிள்ளையைப் பற்றிய கதைக்கும் எங்கள் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். வாசித்துப்போட்டுக் கேளுங்கள்.

2

முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, படியேறிப் போனால் ஒரு மண்டபம். கீழே கருவாடு, மேலே கல்வி என்று பகிடி விடுவோம். தை, மாசி மாதச் சனிக்கிழமைகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டி, பல்கலைக்கழக நேர்முகத்துக்குப் பழக்குகிறோம். காசு வாங்குவதில்லை.

அங்கே இருக்கும் உங்களுக்கு இது ஏன் தேவை என்று விளங்காது. நமக்குத் தெரிந்ததெல்லாம் வெட்டுப்புள்ளி. அதற்கு மேலே என்றால் உள்ளே, கீழே என்றால் வெளியே. இங்கே சில நல்ல படிப்புகளுக்குப் புள்ளி வாசல்வரைதான் கொண்டுபோகும். அதற்குப் பிறகு கட்டுரை எழுது, கமராவைப் பார்த்துப் பேசு, நீ தோற்றுப்போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல் என்பார்கள். தோல்வி என்ற சொல்லையே வாயில் எடுக்கவிடாமல் வளர்த்த பிள்ளை அங்கே போய் என்ன சொல்லும்? திருதிருவென்று முழிக்கும். அதனால்தான் எங்கள் ஆட்களில் டொக்டராக, பொறியியலாளராக இருப்பவர்களைக் கூப்பிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருத்தி, கேள்வி கேட்க வைக்கிறோம். எப்படி உட்காருவது, எப்போது சிரிப்பது, வீட்டுக் கஷ்டத்தை எவ்வளவு சொன்னால் போதும் என்பதெல்லாம் பழக்கினால் வந்துவிடுகிறது. பழக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு வருவதில்லை.

இதைத் தொடங்கியவர் பரா அண்ணை. சங்கத்தின் தலைவர், இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகனோடு இருக்கிறார். ஊரில் தனியார் டியூட்டரியில் எனக்கு விலங்கியல் படிப்பித்தவர். அவர் மருத்துவம் படித்திருக்கவேண்டிய ஆள். மாவட்டம் பார்த்து இடம் பிரித்த தரப்படுத்தலில் அடிபட்டுப் போனார். அவருடைய புள்ளியைவிடக் குறைய எடுத்தவர்கள் உள்ளே போக, இவர் வெளியே நின்றார். ஆண்டு விழா மேடையில் இன்றைக்கும் அதைச் சொல்லுவார். “எங்கட பிள்ளையளை ஆரெண்டு பாத்து வெட்டினவங்கள். இஞ்சையாவது ஒருத்தரையும் ஆரெண்டு பாத்து வெட்டக்கூடாது” என்பார். நான் முன்வரிசையில் இருந்து கைதட்டுவேன். அந்த வசனத்தை வகுப்பின் அழைப்பிதழிலும் போட்டவன் நான்தான்.

3

என் மகள் ஆரபிக்கும் ஜனெல் என்ற பிள்ளைக்கும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். ஜனெல்லின் தாய் மரிவிக், பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பணக்கார வீட்டில் குழந்தை பார்க்க வந்தவர். தன் குழந்தையை அங்கே விட்டுவிட்டு இங்கே மற்றவர்களின் குழந்தைக்குச் சோறு தீத்தி, வருடங்கள் கழித்துத்தான் மகளைக் கூப்பிட முடிந்தது. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. தகப்பன் வரவே இல்லை. ஜனெல் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவியை அன்ரி என்று கூப்பிட்டு, புட்டைக் கையால் குழைத்துச் சாப்பிடுவாள். ஆரபி முள்ளுக்கரண்டி தேடுவாள்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே சுகாதார விஞ்ஞானப் படிப்பு, பிறகு மருத்துவம். புள்ளியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. வேதியியலில் ஜனெல் ஒரு படி மேலே என்று ஆரபியே சொல்வாள்.

கார்த்திகை மாதம் பள்ளிக்கூடத்தில் வழிகாட்டும் ஆசிரியரைச் சந்திக்கப் போனோம். மரிவிக்குக்கு வேலை, தனக்காகவும் கொஞ்சம் இருக்கும்படி என்னைக் கேட்டிருந்தார். ஆசிரியர் ஆரபியின் புள்ளிகளைப் பார்த்தார். நல்லது, தாராளமாக விண்ணப்பி என்றார். ஜனெல்லின் புள்ளிகளையும் பார்த்தார். சிரித்துக்கொண்டு, நீ நர்சிங்கைப் பற்றி யோசித்தாயா என்று கேட்டார். உங்கள் சமூகத்துக்கு அது கைவந்த கலை, ஆட்களைப் பார்ப்பதில் உங்களுக்கு நிகர் யார் என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். அவருடைய அம்மாவை ஒரு பிலிப்பினோப் பெண்தான் கடைசிவரை பார்த்தாளாம்.

ஜனெல், யோசிக்கிறேன் என்றாள். ஆரபி மேசைக்குக் கீழே என் முழங்காலில் தட்டினாள். ஏதாவது சொல்லுங்கோ என்று அர்த்தம். மரிவிக்கின் இடத்தில் நான்தான் இருந்தேன். சொல்லியிருக்கவேண்டியவன் நான்தான்.

நான் சொல்லவில்லை. அதைவிட வெட்கக்கேடு, எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேரை எடுக்கமாட்டார்கள் என்று பெற்றோர் வாட்ஸ்அப்பில் ஒரு கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. பிலிப்பினோ ஆட்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் இல்லை என்று இன்னொரு கதை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத கதைகள். நான் இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பினேன். பிள்ளையின் படிப்பு என்று வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்வதில்லை.

இந்த ஒதுக்கீட்டுக் கதையைப் பின்னர் எங்கள் வகுப்புக்கு வரும் இளம் டொக்டர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “எனக்குத் தெரிய அப்பிடி ஒண்டும் இல்லை அண்ணை. படிவத்திலை என்ன இனம் எண்டு கேட்டு அவையளுக்கும் ஒரு பெட்டி இருக்கு, அதிலை கீறிப்போட்டு வரலாம், அவ்வளவுதான். பாக்கிறவைக்கு எல்லாரும் ஏசியன்தான். ஏசியன் கனபேர் உள்ளுக்கை இருக்கினம் தானே எண்டு விட்டிடுவினம். அந்தக் கனபேரிலை பிலிப்பினோ எத்தினை, வியட்நாம் எத்தினை எண்டு ஆர் பாக்கிறது?” என்றார். கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

4

தை மாதம் ஆரபி கேட்டாள். “அப்பா, ஜனெல்லும் சற்றர்டே கிளாசுக்கு வரலாமா? ஷி ஹாஸ் நோபடி டு பிராக்டிஸ் வித்.”

“ஹோல் நிரம்பீட்டுது பிள்ளை.”

“ஒன் சேயார் தானே, அப்பா.”

“உது தமிழ்ப் பிள்ளையளுக்கு எண்டு தொடங்கினது. நான் ஒருத்தருக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் கேப்பினம்.”

அவள் என்னைப் பார்த்தாள். அதற்கு முதல் கிழமை மண்டபத்தில் கதிரை அடுக்கியவளே அவள்தான். சுவரோரம் மடித்தபடி எத்தனை கதிரைகள் கிடந்தன என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். “ஓகே” என்றுவிட்டுப் போய்விட்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓகே என்றால் விசயம் முடிந்துவிட்டது என்று நினைப்பவன் பெரிய மடையன்.

5

அடுத்த சனிக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். ஆரபி ஜனெல்லோடு படியேறி வந்தாள். ஜனெல்லின் கையில் அலுமினியத் தட்டு, மேலே தாள் போட்டு மூடியிருந்தது. தாய் விடியவே எழும்பிப் பொரித்துக் கொடுத்த லும்பியா. எங்கள் ரோல்ஸின் சின்னத் தங்கச்சி என்று சொல்லலாம்.

“ஜனெல்லின்ர அப்பா தமிழ்” என்றாள் ஆரபி, என்னைப் பாராமல், எல்லாருக்கும் கேட்கும்படி.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நான் சொன்னதை என் மகள் இப்படி விளங்கிக்கொண்டிருந்தாள். தமிழ் என்றால்தான் விடுவீர்களா, சரி, தமிழ் ஆக்குகிறேன் என்று முடிவெடுத்திருக்கிறாள்.

பரா அண்ணை அதைக் கேட்டுவிட்டார். மனிசனுக்கு முகம் மலர்ந்துபோனது. கலப்புக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று தேடி வந்திருக்கிறதே என்ற பூரிப்பு, புளுகம். கிட்ட வந்தார். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. புது ஆளைக் கண்டால் சுகம் விசாரிக்க முதல் ஊர் விசாரிப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்றைக்கு பரா அண்ணையிடம் அதெல்லாம் இருக்கவில்லை. வாய்ப்பழக்கமும் சந்தோசமும்தான்.

“அப்பா எந்த ஊர், பிள்ளை?”

ஜனெல் படித்துக்கொண்டு வந்திருந்தாள். “அளவெட்டி, அங்கிள்.”

ஆரபிக்குத் தெரிந்த ஊர் அது ஒன்றுதான். என்னுடைய ஊர்.

“அட, அளவெட்டியோ! எங்கட நந்தன்ர ஊரெல்லோ! அப்பாவின்ர பேர் என்ன?”

“குமார்.”

“எந்தக் குமார்? எந்தப் பக்கம், கோயிலடியோ, சந்தியடியோ? ஆற்ற மகன்?”

அதற்கு மேலே அவளுக்குப் பாடம் இல்லை. அவள் ஆரபியைப் பார்த்தாள். ஆரபி என்னைப் பார்த்தாள். பரா அண்ணையும் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். “நந்தன், உம்மட ஊரிலை ஆரப்பா அந்தக் குமார், பிலிப்பினோப் பொம்பிளையைக் கட்டினவர்? எனக்குத் தெரியாமல் போச்சே!”

ஒரு வசனம் போதும். ஓம் அண்ணை, எங்களுக்குச் சொந்தம்தான் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது அண்ணை, பிள்ளை உள்ளுக்கை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். இந்த நாட்டுக்கு வருவதற்கு நான் சொல்லாத பொய்யா? யார் பெயரில் வந்தேன், எந்த நாட்டு விமான நிலையத்தில் என்ன கதை விட்டேன் என்பதெல்லாம் குடும்பத்தில் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதைகள். அன்றைக்குத்தான் எனக்கு உண்மை பேசவேண்டும் என்று வந்தது.

“அப்பிடி ஒருத்தரும் எங்கட ஊரிலை இல்லை, அண்ணை” என்றேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஜனெல்லுக்கு விளங்காமல் போய்விடுமோ என்று, அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

மண்டபத்தில் எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை, அழவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். “சொறி, அங்கிள்” என்று பரா அண்ணையிடம் சொன்னாள். என்னிடமும் திரும்பி, “சொறி, அங்கிள்” என்றாள். பிறகு படியிறங்கிப் போனாள். ஆரபி பின்னாலே ஓடினாள். பரா அண்ணை கையில் கண்ணாடியோடு என்ன நடந்தது என்று விளங்காமல் நின்றார்.

தேநீர் இடைவேளையில் யாரோ தட்டைத் திறந்தார்கள். லும்பியா நல்ல மொறுமொறுப்பு. எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

6

அன்று பின்னேரம் பரா அண்ணையை ஸ்ரௌவ்வில்லுக்குக் கொண்டுபோய் விட்டேன். வீடு கிட்டவும் வண்டியில் அவர் கேட்டார்.

“அந்தப் பிள்ளை ஆர்?”

“ஆரபியின்ர பிரெண்ட், அண்ணை. பிலிப்பினோ. தமிழ் இல்லை.”

“பிறகேன் அளவெட்டி எண்டவள்?”

“தமிழ் எண்டாத்தான் விடுவம் எண்டு நினைச்சு.”

“ஆர் விடாதது?” என்றார். “நான் ஊர் கேட்டது சும்மா வாய் கேட்டது. சொல்லியிருந்தா இருத்தியிருப்பன் தானே. என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேலாதே உமக்கு?”

அவருடைய டியூட்டரிக் கொட்டிலுக்கு ஒரு பக்கம் தட்டி கிடையாது. காசு கட்டமுடியாத பொடியங்கள் அந்தப் பக்கம் சைக்கிளில் சாய்ந்து நின்று கேட்பார்கள். இவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுதான் பாதிப் பாடத்தைப் படிப்பிப்பார். காசு கட்டி உள்ளே இருந்த எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் ஒருநாள் முறையிட்டும் இருக்கிறேன்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் எழுதிவிடுகிறேன். மலர்க்குழு வேண்டுமானால் வெட்டட்டும். எங்களை மாவட்டம் பார்த்து வெட்டினார்கள் என்று மேடை போட்டு அழுகிறோம். உண்மைதான், வெட்டினார்கள். ஆனால் என் வகுப்பிலேயே சிலர், அங்கே குறைந்த புள்ளி போதுமென்று, வன்னியில் மாமா வீட்டு விலாசத்தில் பதிந்து, அங்கே போய்ச் சோதனை எழுதி, அந்த மாவட்டத்துக்கு என்று வைத்த இடத்தில் உள்ளே போனார்கள். கெட்டிக்காரர்கள் என்று மெச்சினோம். அங்கே மழைக்கு ஒழுகும் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பிள்ளை அந்த இடத்தை இழந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு நடந்த அநியாயம் எங்களுக்குப் பாடமாகும் என்றுதான் நினைத்திருந்தேன். என்னில் அது ஒரு லைசென்ஸாகத்தான் வேலை செய்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து, ஆரபியின் அறைக் கதவைத் தட்டினேன். “அடுத்த சனி ஜனெல்லைக் கூட்டிக்கொண்டு வா. நான் பரா அண்ணையோடை கதைச்சிட்டன்.”

“ஷி வோன்ட் கம், அப்பா. அண்ட் பிளீஸ், டோன்ட் ஆஸ்க் ஹேர்.”

நான் வற்புறுத்தவில்லை. நானே தொலைபேசி எடுத்து அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பஸ் ஏறினால் சிறிது தூரம்தான் அவர்கள் வீடு. போகவில்லை. மகள் வேண்டாம் என்றுவிட்டாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆரபி மட்டும் மிச்சச் சனிக்கிழமைகளில் வந்தாள், கதிரை அடுக்கினாள், கேள்விகளுக்கு அழகாகப் பதில் சொன்னாள். தோற்றுப்போன சந்தர்ப்பத்தைச் சொல் என்று டொக்டர் கேட்டபோது, நான் ஒரு சிநேகிதியைக் காப்பாற்றத் தவறினேன் என்று தொடங்கினாள். மிக நல்ல பதில், மனதிலிருந்து வருகிறது, இதையே வைத்துக்கொள் என்றார் டொக்டர். நான் வெளியே போய்ப் படியில் நின்றேன்.

7

ஆரபிக்கு இடம் கிடைத்தது. ஜனெல்லையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், போனாள், கிடைக்கவில்லை. புரட்டாதியிலிருந்து நர்சிங் படிக்கப்போகிறாள் என்று மனைவிதான் கேட்டறிந்து சொன்னாள். நர்சிங் குறைந்த படிப்பென்று நான் சொல்லமாட்டேன். அவள் கேட்டது வேறு, அவ்வளவுதான். எங்கள் வகுப்புக்கு வந்திருந்தால் கிடைத்திருக்குமோ? தெரியாது. ஒருவேளை கிடைக்காமலே போயிருக்கலாம். அந்த ஒருவேளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இத்தனை மாதமும் நித்திரை கொள்கிறேன்.

ஆரபி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நல்லது. சாப்பிட்டாயா என்றால் ஓம், படிப்பு எப்படி என்றால் ஃபைன். முன்பெல்லாம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். இப்போது என்னோடு தொடங்குவதே ஆங்கிலத்தில்தான்.

ஆனி மாதம் பள்ளிக்கூடப் பட்டமளிப்பு. மண்டபத்துக்கு வெளியே புல்வெளியில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நின்றோம். மரிவிக் முதியோர் இல்லத்திலிருந்து நேரே வந்திருந்தார். வேலைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பின்னால் ஜனெல் அங்கியோடு வந்துகொண்டிருந்தாள்.

“சேர் நந்தன், உங்களைக் கண்டு நன்றி சொல்லவேணும் எண்டு எத்தினை நாளாய் நினைச்சன்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். என் மகளை உங்கள் ஆட்களின் வகுப்பில் யார் சேர்ப்பார்கள், நீங்கள் சேர்த்தீர்கள் என்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினேன், ஒருநாளும் தவறாமல் போய்வந்தாள் என்றார். எல்லாரும் தன்னோடு நல்ல மாதிரி, எவ்வளவோ சொல்லித் தந்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் வந்து சொல்லுவாளாம். இடம் கிடைக்காதது கடவுளின் விருப்பம், உங்கள் உதவியை நாங்கள் மறக்கமாட்டோம் என்றார்.

அந்தச் சனிக்கிழமைகளில், அந்தப் பனிக்குள், சாப்பாட்டுப் பெட்டியோடு அந்தப் பிள்ளை எங்கே போய் இருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் ஜனெல்லைப் பார்த்தேன். தாயின் தோளுக்குப் பின்னால் நின்று, அவள் மிக மெதுவாகத் தலையை அசைத்தாள். சொல்லவேண்டாம் என்று அர்த்தம்.

“உங்கள் மகள் நல்ல கெட்டிக்காரி” என்றேன். “எங்கள் வகுப்பில் அவளைப்போல கவனமாகப் படித்தவர்கள் குறைவு.”

எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய். மரிவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“தாங்க் யூ, அங்கிள்” என்றாள் ஜனெல்.